தறி ஓடட்டும், நீங்கள் படுத்திருங்கள்

காலை பத்து மணி ஐந்து நிமிடம். கூடத்தின் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது முதலில் பார்த்தது, திறந்திருந்த இரண்டு கண்கள். மற்ற கர்ப்பிணிகள் இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, நான் சொன்னபடி கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். ஒருத்தி லேசாகக் குறட்டைவிடவும் ஆரம்பித்திருந்தாள். கடைசிப் பாயில் இருந்தவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்க வேண்டிய ஊர் தாண்டிவிடுமோ என்று பேருந்தில் நடத்துநரைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அவள் பெயர் கஸ்தூரி. நகரியில் விசைத்தறி ஓட்டும் வீட்டில் பிறந்தவள். திருப்பதியில், அலிபிரி பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கணவன் சுரேஷ் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். முதல் குழந்தை எட்டாவது மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. இப்போது இரண்டாவது, ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

நான் ஓய்வு பெற்ற செவிலியர். போன மாதம், என்னோடு வேலை செய்த சுஜாதா போனில் கூப்பிட்டாள். கர்ப்பிணிகளுக்கான யோகத் தளர்வுப் பயிற்சியை இப்போது டிவியில் போடுகிறார்களாம். கடற்கரை, புல்லாங்குழல், மெல்லிய குரலில் ஒரு பெண்.

"பாதி பேரு தூங்கறாங்க, பாதி பேரு செல்லு பாக்கறாங்க. நீங்க இன்னா மியூசிக் போட்டீங்கக்கா? எல்லாரும் உங்க கிளாஸப் பத்தியே சொல்றாங்க."

"தறி" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் முழுவதும் அப்படியில்லை என்பதால் எழுதிவைக்கிறேன்.

நான் செவிலியர் ஆன கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம், விடுதிச் சாம்பார், ஊசி போடக் கற்றுக்கொள்ள ஆரஞ்சுப்பழம். பிறகு சித்தூரில் பல வருடம், கடைசியில் திருப்பதியில் ஒரு பிரசவ மருத்துவமனை. அங்கேதான் டாக்டர் வசுந்தரா மேடத்திடம் வந்து சேர்ந்தேன்.

மேடம் சித்தூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். சேலைக்குக் கீழே ஓட்டக்காரர்கள் போடும் ஷூ. டீயை நின்றபடியே குடிப்பார். பாதியில் யாராவது கூப்பிட்டால் டம்ளரோடு போய்விடுவார். மருத்துவமனையில் எங்கே காலி டம்ளர் கிடந்தாலும் அந்த வழியாக மேடம் போயிருக்கிறார் என்று தெரியும். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தளர்வுப் பயிற்சியை எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது இவர்தான்.

காரணம் எளிமையானது. புறநோயாளிகள் வரிசையில் நிற்கும் பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்தால் பலருக்கு ஏறியிருக்கும். அரை மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்தால் சிலருக்கு இறங்கும், சிலருக்கு இறங்காது. இறங்காதவர்களுக்கு மருந்து, இறங்குகிறவர்களுக்குப் படுக்கை. இதை முறையாகச் செய்யலாம் என்று மேடம் எங்கோ ஒரு பயிற்சிக்குப் போய்க் கற்றுவந்தார். முதல் வகுப்பை அவரே எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாய்களுக்கு நடுவே நடந்தபடி, "ரிலாக்ஸ் அவ்வண்டம்மா, ரிலாக்ஸ். தொந்தரகா" என்றார். தொந்தரகா என்றால் சீக்கிரம். ஷூ சத்தம் தலைமாட்டில் வரும்போதெல்லாம் பெண்கள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். இரண்டாவது வகுப்பிலிருந்து அந்த வேலை எனக்கு வந்தது.

முறை இதுதான். முதலில் எல்லோரும் கழிவறைக்குப் போய் வர வேண்டும். வெறும் வயிற்றோடு யாரும் படுக்கக் கூடாது. மல்லாந்து படுப்பது கிடையாது. வளர்ந்த வயிறு பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இடப்பக்கம் ஒருக்களித்து, தலைக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒன்று, வயிற்றுக்குக் கீழே மடித்த சேலை. மூச்சை அடக்குவது கிடையாது. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது மெதுவாக இருக்க வேண்டும். பிறகு கால் விரலிலிருந்து ஒவ்வொரு உறுப்பாக இறுக்கி, தளர்த்திக்கொண்டே நெற்றிவரை வருவோம். முடிந்ததும் சட்டென்று எழக் கூடாது. கையை ஊன்றி, உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும்.

எங்கள் கூடத்தில் பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் தமிழ். குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கன்னடமும் தேவைப்பட்டது. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்வேன். முதலில் தெலுங்குக் கால் தளரும், பிறகு தமிழ்க் கால் தளரும். இரண்டும் புரிந்தவர்கள் இரண்டு தடவை தளர்ந்தார்கள். அவர்கள்தான் முதலில் தூங்கினார்கள்.

மேடம் இன்னொரு விதியும் வைத்திருந்தார். கர்ப்பிணியிடம் "பயப்படாதே" என்று யாரும் சொல்லக் கூடாது.

"அது மருந்து இல்ல சிஸ்டர். வாய மூடுன்னு மரியாதையா சொல்றது. எதுக்குப் பயப்படறான்னு கேளுங்க. கேட்டுட்டு டெஸ்ட் பண்ணுங்க."

யாராவது தவறிச் சொல்லிவிட்டால் வார்டு முழுவதற்கும் டீ வாங்கித் தர வேண்டும். ஆயாம்மா முதல் டாக்டர்வரை எல்லோரும் ஒரு தடவையாவது வாங்கியிருக்கிறார்கள். மேடம் இரண்டு தடவை.

கஸ்தூரிக்கு வருகிறேன். சொன்ன தேதிக்கு மட்டும் வருகிறவளல்ல அவள். நடுவிலும் வருவாள். தலைமுடி பாதி அவிழ்ந்திருக்கும், மூச்சு வாங்கும், பின்னால் மாமியார் ராணியம்மா ஒரு கூடையோடு ஓடிவருவார்.

"அக்கா, ஒரு தரம் சத்தம் வெச்சிக் காட்டுக்கா."

டாப்ளர் கருவியை வயிற்றில் வைப்பேன். குழந்தையின் இதயம் குதிரை ஓடுவதுபோலக் கேட்கும். அவள் முகம் இளகும். ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போவாள். அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போய்விடும் போலிருக்கிறது. மறுநாளோ அதற்கு மறுநாளோ திரும்ப வருவாள்.

"எங்க வூட்டுக்கு வர்றத விட இங்கதான் அதிகமா வர்றா" என்றார் ராணியம்மா. "ஒரு கட்டில் போட்டுக் குடுத்துடுங்க சிஸ்டர், எனக்கு ஆட்டோ மிச்சம். ராத்திரி எழுந்து பாத்தா ஒக்காந்துக்கினு கீறா. இன்னாடின்னு கேட்டா, ஒண்ணுமில்ல அத்தன்றா. ஒண்ணுமில்லாததுக்கா ஒக்காந்துக்கினு இருப்பாங்க?"

அவள் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மேடம் மாத்திரை ஆரம்பித்தார். அதற்கும் அடங்காமல் ஏறினால் குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டிவரும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஏழு மாதத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்பது கஸ்தூரிக்கும் தெரியும். தூங்கவைப்பது என் வேலை ஆயிற்று.

அவள் வந்த முதல் வகுப்பில்தான் அந்தத் திறந்த கண்கள். இரண்டாவது வகுப்பில் கண்ணை மூடினாள். கதவைச் சாத்தினேன். மின்விசிறி கடகடத்ததால் அதையும் நிறுத்தினேன். "சத்தமே இல்லை. உடம்புக்குள்ளே கவனியுங்கள்" என்றேன். சற்று நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. அழுத்தம் பார்த்தால், படுப்பதற்கு முன் இருந்ததைவிட அதிகம்.

மேடம் சீட்டைப் பார்த்தார்.

"ரிலாக்ஸ் பண்ணி பிபி ஏத்தின முதல் ஆள் நீங்கதான் ஜெயந்தி சிஸ்டர். எப்படி செஞ்சீங்கன்னு எழுதி வைங்க, லோ பிபிக்காரங்களுக்கு உபயோகப்படும்."

அன்று மதியம் அவளை மருந்தகத்துக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்து, எதற்குப் பயம் என்று கேட்டேன். ராணியம்மா கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். சாப்பிடவில்லை, பிசைந்துகொண்டுதான் இருந்தாள்.

"எங்கம்மா வூட்ல நாலு மெசின் ஓடுதுக்கா. பொறந்ததுலருந்து அந்த சத்தத்துலதான் தூங்குவேன், அதுலதான் துன்னுவேன். மெசின் நின்னாதான் முழிப்பு வரும். மொத கொழந்தைக்கி அங்கதான் போயிருந்தேன். ஒரு நாளு மத்தியானம் படுத்துக்கினு இருந்தேன், கரண்ட்டு பூடுச்சி. எல்லாம் நின்னுடுச்சி. எங்க வூடு, பக்கத்து வூடு, தெருவே கம்முனு ஆயிடுச்சி. அப்பதான் தெரிஞ்சிதுக்கா, உள்ள ஆடல. எப்பத்துலருந்து ஆடலன்னு தெரில. மெசின் அதிர்ச்சில எனக்கு ஒண்ணுமே தெரில. கம்முனு ஆனப்பதான் தெரிஞ்சிது."

பிசைவதை நிறுத்திவிட்டு, "நீங்க ஃபேன நிறுத்தினீங்களா, எனக்கு அதே மாதிரி ஆயிடுச்சி" என்றாள்.

எங்களுக்கெல்லாம் அமைதி என்றால் ஓய்வு. கோயில், நூலகம், மருத்துவமனை எங்கும் அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறோம். நகரித் தெருவில் அமைதி என்றால் ஏதோ நின்றுபோயிற்று என்று அர்த்தம். நூல் அறுந்திருக்கும், மின்சாரம் போயிருக்கும், யாராவது செத்திருப்பார்கள். அவள் கல்யாணமாகி வந்த வீடோ இரண்டாவது மாடி, பின்னால் மலை. ராணியம்மா பெருமையாகச் சொல்லுவார், ஒரு சத்தம் வராது என்று.

மேடத்திடம் சொன்னேன். நின்றபடியே கேட்டார். டீயை முழுவதும் குடித்தார். அதுவே எனக்கு ஆச்சரியம்.

"தறி சத்தம்தானே வேணும்? போட்டுடுங்க."

சுரேஷ் ஜீப்புக்கு ஒரு நாள் விடுப்புப் போட்டு நகரிக்குப் போனான். மாமியார் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் செல்போனை வைத்துப் பதிவுசெய்து வந்தான். அடுத்த வகுப்பில் அதைக் கஸ்தூரியின் தலையணைக்குப் பக்கத்தில் சன்னமாக வைத்தேன். சன்னம் என்று நான் நினைத்தது மற்றவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

"சிஸ்டர், இது ஆஸ்பத்திரியா மில்லா?" என்றாள் ஒருத்தி.

"ஆளுக்கு ஒரு சேல நெய்ஞ்சி குடுத்துட்டுதான் அனுப்புவாங்களாம்" என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து கால் விரலிலிருந்து ஆரம்பித்தேன். தெலுங்கு முழங்கால், தமிழ் முழங்கால். இடுப்புக்கு வந்தபோது தறிச் சத்தத்துக்கு நடுவே கஸ்தூரியின் அம்மா குரல் உரக்கக் கேட்டது: "மாப்ள வந்துகீறாரு, கொழம்புல உப்பு போட்டியாடி?" பதிவு செய்யும்போது சுரேஷ் அதைக் கவனிக்கவில்லை. கூடம் முழுவதும் மறுபடி குலுங்கியது. ஒருக்களித்துப் படுத்த கர்ப்பிணிகள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களோ இல்லையோ, வயிற்றைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு இரண்டு கை போதாது.

"அந்த எடத்த மட்டும் வெட்டிடட்டுமா?" என்று வெளியே சுரேஷ் கேட்டான்.

"வேணாம்" என்றாள் கஸ்தூரி. "அது இருந்தாதான் எங்க வூடு."

அன்று அவள் தூங்கினாள். சிரித்த பெண்களில் பாதிப் பேரும் தூங்கினார்கள். தறி ஒரே சீராக ஓடுவது. மூச்சும் கொஞ்ச நேரத்தில் அந்தச் சீருக்கு வந்துவிடுகிறது என்பதை நான் அன்றுதான் கவனித்தேன். வீட்டிலும் அதையே போட்டுக்கொண்டு இரவில் படுத்தாள். அடுத்தடுத்த வாரங்களில் அழுத்தம் இறங்கி ஓர் அளவில் நின்றது. மாத்திரையும் தொடர்ந்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாம் யோகாவால்தான் என்று ஒரு கூட்டத்தில் மேடம் பேசியபோது நான் பின்வரிசையில் இருமினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "மாத்திரையும்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

பயிற்சி முடிந்ததும் உடனே எழாமல், இடக்கையை வயிற்றில் வைத்துக் குழந்தையின் அசைவைக் கவனித்திருக்கச் சொன்னார் மேடம். முன்பு அதைக் கேட்டாலே நடுங்கியவள், இப்போது தறி ஓடும்போது அதைச் செய்தாள். குழந்தைக்கு ஒரு வழக்கம் இருந்தது. பதிவு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் புரளும். பாட்டி உப்பைக் கேட்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்ததும் உதைக்கும். "பொறக்கும்போதே கொற சொல்லிக்கினு பொறக்கும் பாரு" என்றார் ராணியம்மா. டாப்ளருக்காகக் கஸ்தூரி நடுவில் வருவது குறைந்து, நின்றுபோயிற்று. மேடம் ஒரு நாள், "அந்த நகரிப் பொண்ணு எங்க? கோச்சிக்கிச்சா?" என்று கேட்டார்.

ஒன்பதாவது மாதம் தொடங்கியிருந்தது. வகுப்பு இல்லாத ஒரு நாள் காலை வந்தாள். நடையில் அவசரமில்லை. தலை வாரிப் பின்னியிருந்தது. ராணியம்மா கூடையில்லாமல் வந்திருந்தார்.

"அக்கா, நேத்து சாயந்தரத்துலருந்து கம்மியா கீது. சாப்ட்டுட்டு படுத்துப் பாத்தேன். மெசின் போட்டுக்கினு பாத்தேன். எப்பவும் உதைக்கிற எடத்துல உதைக்கல. காலையிலயும் பாத்தேன். பயத்துல சொல்லலக்கா. கம்மி."

டாப்ளரை வைத்தேன். குதிரை ஓடியது. வேகத்திலும் குறையில்லை. முன்பெல்லாம் இந்தச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து சேலையைச் சரிசெய்வாள். அன்று எழவில்லை.

"சத்தம் கேக்குது. ஆனா ஆடலக்கா" என்றாள்.

வயிற்றில் பெல்ட் கட்டி, இதயத் துடிப்பின் கிராஃப் போட்டேன். நல்ல குழந்தையின் கோடு மேடும் பள்ளமுமாக இருக்கும். அசையும்போதெல்லாம் இதயம் கொஞ்சம் வேகமெடுத்து மேடு விழும். அன்றைய காகிதத்தில் மேடே இல்லை. கோடு கிட்டத்தட்ட மட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. குழந்தை தூங்குகிறதா என்று பார்க்க, அவளைப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தேன். தறியையும் வைத்துப் பார்த்தேன். பாட்டி உப்பைக் கேட்டார். கோடு அப்படியே போயிற்று.

மேடத்துக்கு ஆள் அனுப்பினேன். வந்தார், காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். நான் ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஸ்கேனில் பனிக்குட நீர் மிகவும் குறைந்திருந்தது.

"ஏமம்மா கஸ்தூரி, நீ சொன்னது சரி. உள்ள அதுக்கு கஷ்டமா இருக்கு. இப்பவே எடுத்துடலாம்."

"உயிரோட எடுத்துடுவீங்களா மேடம்?"

"அதுக்குத்தான் எடுக்கறேன்" என்றார் மேடம்.

அறுவை அறைக்குள் செல்போன் கூடாது. மேசையில் முதுகு ஊசி போட்டுப் படுக்கவைத்து, நடுவில் பச்சைத் திரை கட்டினார்கள். கஸ்தூரிக்கு அழுத்தம் ஏறியது. மயக்க மருந்து டாக்டர் மானிட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேடத்தின் குரல் வந்தது.

"ஜெயந்தி சிஸ்டர், அந்த சத்தத்த நீங்களே போடுங்க."

விளையாட்டு இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. இத்தனை வருட சர்வீஸில் என்னிடம் யாரும் கேட்காத உதவி. அவள் தலைமாட்டில் நின்று, முகக்கவசத்துக்குள் டக்டக், டக்டக் என்று ஆரம்பித்தேன். மயக்க மருந்து டாக்டர் என்னைப் பார்த்தார்; பிறகு மானிட்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

"அது எங்க வூட்டு மெசின் இல்லக்கா" என்றாள் கஸ்தூரி, கண்ணை மூடியபடி. "பக்கத்து வூட்டுது. எங்குளுது இன்னும் கொஞ்சம் மெதுவா ஓடும்."

மெதுவாக ஓட்டினேன். மூச்சை விட்டாள். நீளமாக, சொல்லிக்கொடுத்தபடி. அழுத்தம் மெல்ல இறங்கியது.

குழந்தையை எடுத்தார்கள். திரைக்கு மேலாக எனக்குத் தெரிந்தது. நிறம் சரியில்லை, கைகால் தொங்கின. அழவில்லை. குழந்தை டாக்டர் வாங்கி, மூலையில் விளக்குக்குக் கீழே வைத்துத் துணியால் முதுகைத் தேய்த்தார். அறையில் யாரும் பேசவில்லை. என் வாயும் நின்றுவிட்டது.

கஸ்தூரி கண்ணைத் திறந்தாள்.

"ஏங்க்கா நிறுத்திட்ட?"

டக்டக், டக்டக் என்று திரும்ப ஆரம்பித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை டாக்டரின் முதுகு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் மேடத்தின் ஷூ ஒரு தடவை தரையில் தேய்ந்தது. தறியை நிறுத்தாமல் ஓட்டினேன். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முதலில் ஒரு தும்மல். பிறகு, அதிகம் பலமில்லாத ஓர் அழுகை. அது நின்றது. பிறகு பலமாக வந்தது.

பெண் குழந்தை. துடைத்துத் தராசில் வைத்து, அவளுக்குக் கேட்கும்படி எடையைச் சொன்னேன். இரண்டு கிலோ நூறு கிராம்.

"இன்னொரு தரம் எடை போடுக்கா" என்றாள் கஸ்தூரி.

இன்னொரு தரம் போட்டேன். இரண்டு கிலோ நூறு கிராம்.